கப்பல் ஏணியடியில் விட்ட செருப்பு

அக்கா,

இன்று காலை பேத்தி ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் போட்டாள். வழவழப்பான தாள். நான் முதலில் அதை மூக்கருகே கொண்டுபோனேன். அச்சு மையும் பசையும் கலந்த அதே வாசனை. கிள்ளானில் நம் பூக்கடைப் பலகைக்கு அடியில், கட்டுக் கட்டாகக் கிடந்த பழைய புத்தகங்களிலிருந்து வந்த வாசனை.

"பாட்டி, அது படிக்கிற புக்கு. மோந்து பாக்குறது இல்ல" என்று சிரித்தாள். நடுப்பக்கத்தை விரித்துக் காட்டினாள். நம் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம்! வெயிலில் இரண்டு வெள்ளிக் குத்துவிளக்கைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்ததுபோல், பக்கம் முழுக்க நிற்கிறது. உலகத்திலேயே உயரமாம். கீழே இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. அவள் அதைப் படித்துச் சொல்வதற்குள் நான், "கத்தரிக்கோல் எங்கடி?" என்றேன்.

"ஐயோ பாட்டி, வெட்டிடாதீங்க! ஆபீஸ் புக்கு!"

வெட்டிவிட்டேன். நீ இருந்திருந்தால் கத்தரிக்கோல்கூடத் தேடியிருக்க மாட்டாய். நார் கிழிக்கிற நகத்தாலேயே கிழித்திருப்பாய்.

நீ படம் வெட்டி ஒட்டிய நோட்டு என்னிடம்தான் இருக்கிறது அக்கா. நீ போன பிறகு உன் மகள், "அம்மா இதை உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க" என்று பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். ஒன்பது வருடமாக என் சேலைகளுக்கு நடுவில் இருக்கிறது. அதில் கடைசிப் பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது. அந்தப் பக்கத்துக்கு ஆள் வந்துவிட்டது என்று சொல்லத்தான் இந்த மடல்.

பேத்தி முதலில் கதை தெரிய வேண்டும் என்றாள். அவளுக்குச் சொன்னதை உனக்கும் ஒருமுறை சொல்கிறேன். நீ இருந்தால் நடுவில் நடுவில் புகுந்து திருத்துவாய். இப்போது என் இஷ்டம்.

தெங்கு கிளானா சாலையில் நம் கடை. நீ முதலாளி, நான் உன் கைக்கு உதவி. அப்படித்தான் ஊருக்குச் சொல்வாய். ஆனால் என்னை ஒரு நாளும் வேலைக்காரியாக நடத்தியதில்லை. பூ மடித்துக் கொடுக்கப் பழைய பத்திரிகைகளை வாங்கிப் போடுவோம். வெள்ளைக்காரத் துரை வீடுகளிலிருந்து வருகிற கட்டுகளில் வண்ணப் படம் போட்ட புத்தகம் இருந்தால் உன் கை பூவை விட்டுவிடும். "இதுல மடிக்காதே, இதுல மடிக்காதே" என்று பிடுங்கி வைத்துக்கொள்வாய். உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. அதனால் எனக்கு நீ வைத்த பேரே அதுதான்.

"ஏ அஞ்சாங்கிளாசு, இங்க வா. இது என்ன போட்டிருக்கு, படி."

"அக்கா, இது இங்கிலீசு. எனக்குத் தமிழ்தான் தெரியும்."

"அஞ்சு வருசம் என்னத்தப் படிச்ச? படத்தைப் பாத்தாவது சொல்லு."

படத்தைப் பார்த்துத்தான் நாம் உலகத்தைப் படித்தோம். பாலைவனத்தில் முக்கோணமாக நிற்கிற கல் மலை. அது ராஜாவின் சமாதி என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். "செத்தவனுக்கு இவ்வளவு பெரிய வீடா? உசிரோட இருக்கிற நமக்கு ஒண்ணரை ரூம்பு" என்றாய். ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிற வெள்ளைக் கோபுரத்தைக் காட்டினேன். "கட்டின மேஸ்திரி அன்னிக்குச் சம்சு குடிச்சிருப்பான்" என்றாய். தங்கக் குழாய் வைத்த குளியலறையைப் பார்த்து, "தங்கத்துல தண்ணி வந்தா அழுக்கு சீக்கிரம் போயிடுமா?" என்று கேட்டாய். வெள்ளித் தட்டில் கறுப்பு மணிபோல் மீன் முட்டையை வைத்து ஒரு சீமாட்டி சிறு கரண்டியால் அள்ளுகிற படம் இருந்தது. அதற்கு நீ சொன்னதை என் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம்: "நான் வெக்கிற சினை மீன் கொழம்பைத் தின்னுப் பாத்தா இந்தம்மா அந்தக் கரண்டியைக் கடல்ல வீசிடும்."

எதிர்ப்புறம் வெற்றிலைக் கடை அண்ணனுக்கு இது பெரிய பொழுதுபோக்கு. "என்ன எக்கா, இன்னிக்கு எந்த ஊரு? டிக்கெட்டு எடுத்தாச்சா?" என்று தினமும் கேட்பார். "பூக்காரி போற தூரம் பாசார் வரைக்கும்தான். படத்தை ஒட்டி ஒட்டி நோட்டு தடிக்குது, கால் நகரலையே!"

அவர் அப்படிப் பேசிய நாளில் நீ பசையை அழுத்தித் தேய்ப்பாய். ஒரு மழை நாளில், கடையில் ஆளில்லாத நேரம், நீ என்னிடம் மெதுவாகச் சொன்னாய்: "இந்த நோட்டுல இருக்கிறதுல ஒண்ணே ஒண்ணு போதும்டி. ஒண்ணை என் கண்ணால பாத்துட்டேன்னா போதும். அவர் சொல்றது பொய்யாயிடும்." விளையாட்டுப் பேச்சு இல்லை அது. உன் முகத்தைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கப்பல் வந்தது.

துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் இருந்து ஒரு கிராணி, குமாஸ்தாப் பையன், கடைக்கு வந்து நின்றான். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா. உலகத்தைச் சுற்றிவருகிற உல்லாசக் கப்பல் ஒன்று போர்ட் கிள்ளானில் ஒரு பகல் நிற்கப் போகிறதாம். இறங்குகிற பயணிகளுக்கு இருநூறு சின்ன மாலை, கேப்டனுக்குப் பெரிய மாலை ஒன்று வேண்டும் என்றான். கப்பல் என்று அவன் சொன்னதுமே உன் கையில் நார் நின்றுவிட்டது.

"மாலை தரேன் தம்பி. வழக்கமான வெலைதான். ஆனா ஒரு கண்டிசன்" என்றாய். "கப்பலுக்குள்ள எங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்."

"பாக்கலாம் லா, அக்கா."

"பாக்கலாம் இல்ல. சரின்னு சொல்லு."

"சரி லா, சரி லா!"

வெற்றிலைக் கடை அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "எக்கா, லண்டன்ல எறங்குனா எனக்கு ஒரு கடுதாசி போடுங்க" என்று கத்தினார். கடைத்தெரு முழுக்கச் சிரித்தது. இனி ஏறாமல் திரும்பினால் அந்தத் தெருவில் தலை நிமிர்த்தி நடக்க முடியாது. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சின்ன மாலைகளை மல்லிகையிலும் ஊதா ஆர்க்கிட்டிலும் கட்டி முடித்தோம். கேப்டன் மாலையில்தான் நாம் ஒரு தப்பு செய்தோம். கிராணி நினைத்த பெரிய மாலை, கழுத்திலிருந்து வயிறு வரைக்கும். நமக்குப் பெரிய மாலை என்றால் ஒன்றுதான்: தேரில் வருகிற சாமிக்கும், மேடை ஏறுகிற மந்திரிக்கும் போடுகிற ஆளுயர மாலை. "கேப்டன்னா கப்பலுக்கு ராஜா. அவருக்கு என்ன கொறச்சல்?" என்று நீயே முடிவு செய்துவிட்டாய். கேமரன் மலைச் சாமந்தி, சிவப்பு ரோஜா, இடையில் மரிக்கொழுந்து, கீழே ஒரு தேங்காய்ப் பருமனுக்குக் குஞ்சம். ஈர வாழையிலை விரித்த கூடையில் அதைச் சுற்றி வைத்தபோது மலைப்பாம்பு படுத்திருப்பதுபோல் இருந்தது.

லோரியில் பூக்கூடைகளோடு துறைமுகத்துக்குப் போனோம். இரண்டு பேரும் விசேஷத்துக்கு வைத்திருந்த சேலை. அக்கா, அந்தக் கப்பலை முதலில் பார்த்ததும் அது கப்பல் என்றே எனக்குத் தோன்றவில்லை. யாரோ ஒரு தெருவைத் தூக்கி வெள்ளையடித்துத் தண்ணீரில் நிறுத்தியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஜன்னல் மேல் ஜன்னல். நீ என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய்.

கிராணி ஓடி வந்தான். "கூடையெல்லாம் எறக்கிட்டீங்களா? சரி, நீங்க லோரியிலேயே உக்காருங்க."

"கப்பலைக் காட்டுறேன்னு சொன்னியே தம்பி" என்றாய்.

"அக்கா, பாஸ் இல்லாம யாரும் ஏற முடியாது. தா போலே, முடியவே முடியாது! எனக்கே இன்னிக்குத்தான் பாஸ் குடுத்தாங்க."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நீ அழவில்லை. லோரியின் பின்பலகையில் ஏறி உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாய். "இருடி. மாலை இன்னும் கழுத்துக்குப் போகல" என்றாய். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

மேளம் கொட்டினார்கள். பட்டுப்பாவாடை கட்டிய பெண்கள் இறங்கி வந்த பயணிகளுக்குச் சின்ன மாலைகளைப் போட்டார்கள். பிறகு மேலே, ஏணியின் உச்சியில், வெள்ளை உடுப்பும் தங்கப் பட்டியுமாகக் கேப்டன் வந்து நின்றார். பெரிய மாலைக்கு நேரம். கிராணியும் இன்னொரு ஆளும் கூடையருகே போனார்கள். இலையை விலக்கினார்கள். கிராணியின் முகத்தை நீ பார்த்தாயே! "இதென்னது?" என்றான். வேறு வழியில்லாமல் மாலையை நடுவில் பிடித்துத் தூக்கினார்கள். பாரம் முழுக்க நாரில் விழுந்தது. இரண்டு ரோஜா உருண்டு தரையில் விழுந்தது.

"டேய்! நடுவுல புடிக்காதே! அறுந்துடும்!"

உன் சத்தத்தில் மேளமே நின்றுவிட்டது அக்கா.

ஆளுயர மாலையைத் தூக்குவது ஒரு வேலை. தெரியாதவன் கைக்கு அது வராது. இரண்டு தோளும் ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும், பாரம் முழங்கை மடிப்பில் உட்கார வேண்டும், குஞ்சத்தை இன்னொருத்தி ஏந்தி வர வேண்டும். அந்த இடத்தில் அது தெரிந்த இரண்டு பேரும் லோரியில் உட்கார்ந்திருந்தார்கள். மேலே கேப்டன் நிற்கிறார். பயணிகள் கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். கிராணிக்குச் சட்டை நனைந்துவிட்டது.

"அக்கா, வாங்க, வாங்க. நீங்களே வந்து போட்டுடுங்க."

நீ அசையவில்லை. "பாஸ் இல்லையே தம்பி."

"அக்கா, ப்ளீஸ் லா! கேப்டன் நிக்கிறாரு!"

"போட்டுட்டு உடனே எறங்க மாட்டோம். உள்ள பூரா பாத்துட்டுத்தான் எறங்குவோம். சம்மதமா?"

"சம்மதம், சம்மதம்!"

ஏணியடிக்குப் போனதும் நீ செருப்பைக் கழற்றினாய். நானும் கழற்றினேன். கிராணி தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, அது கோயில் இல்ல, கப்பல்! செருப்போட போங்க, வெள்ளைக்காரங்க பாக்குறாங்க!"

"மாலை கையில இருக்கும்போது செருப்பா?" என்றாய், என்னவோ அவன் பச்சைக் குழந்தைபோல. இரும்பு ஏணி வெயிலில் தகதகவென்று சுட்டது. நீ முன்னால், நான் பின்னால் குஞ்சத்தோடு. ஒரு பூ உதிரவில்லை. ஒவ்வொரு படிக்கும் கீழே கைதட்டல்.

கேப்டன் பனைமரம். நீ அவர் மார்பு உயரம்கூட இல்லை. "குனியச் சொல்லு தம்பி. தொப்பியையும் கழட்டச் சொல்லு" என்றாய்.

"அக்கா, கேப்டன்கிட்ட தொப்பியைக் கழட்டுன்னு நான் எப்படிச் சொல்றது?"

சொல்லத் தேவைப்படவில்லை. நீ மாலையை ஏந்தி நின்ற நிற்பைப் பார்த்தே அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நன்றாகக் குனிந்தார். ஏழு கடல் தாண்டி வந்த மனிதர், ஐந்தடிகூட இல்லாத பூக்காரி முன்னால். மாலை பாரத்தில் ஓர் அடி தடுமாறி, பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கிராணியிடம் என்னவோ சொன்னார். "கப்பல் முழுக்க உங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டச் சொல்றாரு" என்றான் கிராணி. இந்த முறை பாக்கலாம் லா என்று சொல்லவில்லை.

உள்ளே வைத்த முதல் அடியில் என் பாதம் புதைந்தது. கம்பளம். "வைக்கோல் போருல நடக்குற மாதிரி இருக்குடி" என்றாய் காதில். கண்ணாடிச் சரவிளக்கு, இரண்டு பக்கமும் வளைந்து இறங்குகிற மாடிப்படி, கறுப்புப் பளபளப்பில் பியானோ. அன்னப் பறவை வடிவில் செதுக்கிய பனிக்கட்டி. தொட்டுப் பார்த்துவிட்டு விரலைச் சப்பினாய். நாய்க்குத் தனி அறை, அதற்குத் தலை சீவ ஓர் ஆள். அப்புறம் மேல்தளத்தில் நீல நிறக் குளம். நீ அதன் ஓரத்தில் நின்று ரொம்ப நேரம் பார்த்தாய்.

"தண்ணி மேல கப்பல், கப்பல் மேல தண்ணி. இதை நம்ம நோட்டுல ஒட்டுனாக்கூட அந்த வெத்தலைக் கடை ஆளு நம்ப மாட்டான்."

சாப்பாட்டு மண்டபத்துக்குக் கேப்டனும் மாலையோடு வந்து சேர்ந்தார். அங்கே அந்தக் கறுப்பு மீன் முட்டையும் இருந்தது! ஒரு சின்ன ரொட்டித் துண்டில் வைத்து நீட்டினார்கள். வாயில் போட்டாய். முகம் கொஞ்சம் கோணியது. "உப்பு சாஸ்தி. கொழம்பு வெக்கத் தெரியாதவங்க கையில இந்த மீன் மாட்டிக்கிச்சு" என்றாய். கிராணி கேப்டனிடம் பயபக்தியோடு எதையோ மொழிபெயர்த்தான். கேப்டன் மகிழ்ந்துபோய்த் தலையாட்டினார். அவன் என்ன சொன்னானோ, அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்.

ஆனால் எனக்கு மறக்காதது வேறு. மண்டபத்து ஜாடிகளில் கொத்துக் கொத்தாக ரோஜா. நீ கிட்டே போய் ஓர் இதழைத் தடவினாய். திரும்பி என்னைப் பார்த்தாய். "துணிடி!" என்றாய். ஜாடி ஜாடியாகப் போய்த் தொட்டோம். எல்லாம் துணி. "இவ்வளவு பெரிய கப்பல்ல, கண்ணாடியில வெளக்கு, நாய்க்குச் சீப்பு, ஒரு நெசப் பூ இல்ல!" உன் நடையே மாறிவிட்டது அக்கா. அதுவரை கம்பளத்தில் விருந்தாளிபோல் நடந்தவள், பிறகு பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டம்மாள்போல் நடந்தாய். கேப்டன் மாலையைக் கழற்றி எங்கே வைப்பது என்று கேட்டார். தரையில் வைக்கக் கூடாது என்று நீயே வாங்கி, மாடிப்படி அடியில் நின்ற வெண்கலப் பெண் சிலைக்குப் போட்டாய். அளவெடுத்துக் கட்டியதுபோல் உட்கார்ந்தது. மரிக்கொழுந்து வாசனை மண்டபம் முழுக்கப் பரவியது. பயணிகள் சுற்றி நின்று கும்பலாகப் படம் எடுத்தார்கள். சிலையை மட்டும் இல்லை, நம் இரண்டு பேரையும், நம் வெறும் காலையும்.

எனக்குக் கூச்சமாக இருந்தது. உனக்கு இல்லை. "எடுக்கட்டும்டி. நம்ம நோட்டுல அவங்க, அவங்க நோட்டுல நாம. நாமளும் அதிசயம்தான்" என்று நிமிர்ந்து நின்றாய்.

இறங்கினால் செருப்பைக் காணோம். கடல் ஏறியிருந்தது; ஏணியை நகர்த்தி வைத்திருந்தார்கள். அதில் நம் நான்கு செருப்பும் கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் விழுந்துவிட்டன. ஒன்று மிதந்துகொண்டிருந்தது. கிராணி பதறிக்கொண்டு மேலே ஓடினான். பெரிய அறைகளில் தங்குகிற பயணிகளுக்குக் கொடுக்கும் நீல வெல்வெட் செருப்பு இரண்டு ஜோடி வந்தது. மேலே தங்க நூலில் நங்கூரம்.

நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். நீ காலில் போட்டுக்கொண்டாய். லோரி அதற்குள் போய்விட்டிருந்தது; கிள்ளானுக்குப் பஸ்ஸில் திரும்பினோம். கடைத்தெருவில் நாம் நுழைந்ததுமே வெற்றிலைக் கடை அண்ணன் ஆரம்பித்தார்.

"என்ன எக்கா, ஏற விட்டாங்களா? இல்ல கீழேயே மாலையை வாங்கிக்கிட்டு வெரட்டிட்டாங்களா?"

பதிலுக்கு நீ சேலைக் கரையை இரண்டு அங்குலம் தூக்கினாய். வெயிலில் நங்கூரம் மின்னியது. வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "உள்ள என்னக்கா இருந்துச்சு?" என்று கேட்டார். முதல் முறையாகக் கேலி இல்லாமல். நீ அவர் கடை முக்காலியில் உட்கார்ந்து, அன்னப் பறவையிலிருந்து நாய் சீப்பு வரைக்கும் சொன்னாய். கடைத்தெரு முழுக்கக் கூடிவிட்டது.

மறுநாள் நோட்டை எடுத்தாய். கப்பலிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டு அட்டையில் கப்பல் படம் இருந்தது, அதை ஒட்டினாய். பின்னால் ஒரு பக்கம் மிச்சம். அதில் எதையும் ஒட்டவிடவில்லை. "அவங்க ஊரைப் பாத்து நாம வாயப் பொளந்தது போதும். அவங்க வாயப் பொளக்குற மாதிரி நம்ம ஊருல ஒண்ணு வரும். அதுக்கு இது" என்றாய்.

உன் வெல்வெட் செருப்பை நீ பாசாருக்கும் கோயிலுக்கும் போட்டு மூன்றே மாதத்தில் தேய்த்துவிட்டாய். நான் என்னுடையதைத் தாளில் சுற்றி அலமாரியில் வைத்தேன். எப்போது பார்த்தாலும் திட்டுவாய்: "செருப்பு கால்ல போடுறதுக்குடி. அலமாரிக்கு எதுக்கு?" நான் கேட்கவில்லை. நீ போன அன்று உனக்கு ஆளுயர மாலை நானே கட்டினேன். ஒரு தோளை நான் பிடித்தேன், இன்னொரு தோளை உன் மகள் பிடித்தாள். ஒரு பூ உதிரவில்லை அக்கா. அதை மட்டும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது கேள். அந்தப் பத்திரிகை ஆபீசுக்கு எப்படி வந்தது தெரியுமா? என் பேத்தி வேலை செய்கிற ஆபீசு அந்தக் கோபுரத்துக்குள்தான் குடி போகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி, பட்டம் வாங்கி, மேகத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரப் போகிறாள். வெள்ளிக்கிழமை புது ஆபீசுக்குப் பூஜை. "பாட்டி, மாலை நீங்கதான் கட்டணும். பெரிசா வேணும்" என்றாள்.

"எவ்வளவு பெரிசு?" என்று கேட்டேன். பழைய தப்பு மறுபடியும் வரக் கூடாது இல்லையா?

அவள் தன் தலையிலிருந்து கால் வரைக்கும் கையால் காட்டினாள்.

படத்தைக் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். பசை இன்னும் காயவில்லை. மாலைக்குக் கேமரன் மலைச் சாமந்தி சொல்லியிருக்கிறேன். குஞ்சத்தைப் பேத்தி ஏந்துவாள். எப்படி என்று இன்றே செய்து காட்டினேன், முழங்கை மடிப்பில் இருந்து விரல் நுனி வரைக்கும் உன் கை மாதிரியே.

அலமாரியைத் திறந்து அந்த நீலச் செருப்பையும் எடுத்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அதைத்தான் போட்டுக்கொண்டு போவேன். பளிங்கு வாசல் வரைக்கும் போவேன். அங்கே கழற்றி விட்டுவிட்டு, மாலையைத் தூக்கிக்கொண்டு வெறும் காலோடு உள்ளே நடப்பேன். "பாட்டி, திரும்பி வரும்போது செருப்பு காணாம போயிடும்" என்று பேத்தி இப்போதே பயப்படுகிறாள்.

போகட்டும் என்றேன். உள்ளே இருப்பவர்கள் வேறு கொடுக்கட்டும்.